விண்கப்பலுக்கு மணிக்கயிறு கட்டியவருக்கு

என் பிரியமுள்ள தாசண்ணே,

நீங்க இருக்கிற இடத்துல டி.வி. உண்டோ இல்லையோ, எனக்குத் தெரியாது. உண்டுன்னா விஷயம் எனக்கு முன்னாலேயே உங்களுக்கு எட்டியிருக்கும். சிரிச்சுச் சிரிச்சு இருமலும் வந்திருக்கும். இல்லேன்னா நான் சொல்றேன், கேளுங்க. நம்ம மணி விண்கப்பல்ல அடிச்சிடுச்சு. கார்ட்டூன் கப்பல்ல இல்லண்ணே, நிஜமான தொடர்ல. கேப்டனம்மாவோட கப்பல்ல!

"நம்ம மணி"ன்னு எழுதிட்டேன் பாருங்க. வாய் பழகின மாதிரி கையும் பழகிப் போச்சு. அது உங்க மணி. அந்த மணிப் படம் ஒரு புத்தகத்துல வரப்போகுது, கீழே யார் பேரைப் போடறதுன்னு என்னைக் கேட்டு ஒரு கடிதம் வந்தது. அதுக்கு நான் என்ன பண்ணினேன், அதுக்கு முன்னால என்ன பண்ணாம விட்டேன், ரெண்டையும் நாலு பேர் படிக்கிற இடத்துல உங்ககிட்ட சொல்லணும்னு தோணிச்சு. அதான் கல்லறைப் பக்கம் வந்து முணுமுணுக்காம இங்கே எழுதறேன்.

மத்தவங்களும் படிக்கிறதால கொஞ்சம் பழைய கதை சொல்லிக்கிறேன், பொறுத்துக்கோங்க.

திருவனந்தபுரத்துல பாளையம் பக்கம் ஒரு மாடியில இருந்தது நாம வேலை பார்த்த ஸ்டுடியோ. வெளிநாட்டுக் கார்ட்டூனுக்கு இங்கே உட்கார்ந்து படம் வரையிற வேலை. கதையும் வசனமும் சிரிப்பும் அங்கேயிருந்து வரும். சுவரு, ஜன்னல், தெரு, ஆகாசம் எல்லாம் உங்க கையிலிருந்து போகும். நீங்க பாறசாலைக்காரர், பேக்ரவுண்டு ஆர்ட்டிஸ்ட், பேரு ஞானதாஸ். நான் சாலைக் கம்போளத்துப் பாத்திரக்கடைக்காரர் மக, வேலைக்குச் சேர்ந்து எட்டு மாசம். உங்க பக்கத்து சீட்.

நமக்கு வந்ததுலயே பெரிய வேலை அந்தச் சலவைக்கடைக் குடும்பத்துக் காமெடி. அப்பா, அம்மா, மூணு பிள்ளைங்க, வாடிக்கையாளர் துணியைத் தின்னுற ஒரு ஆடு. அதே நாட்டுல ஆளுங்க நடிக்கிற விண்கப்பல் தொடர் ஒண்ணும் ஓடிட்டிருந்தது. வெள்ளைமுடி கேப்டனம்மா, சிரிக்கவே சிரிக்காத பொம்பளை. இந்த ரெண்டு கூட்டத்துக்கும் நடுவுல மாமன் மச்சான் மாதிரி ஒரு கேலி. சலவைக்கடைக்காரர் வருஷத்துக்கு ஒருதடவை கனவுல கேப்டன் ஆயிடுவார், வாஷிங் மெஷின் கண்ணாடி வழியா நட்சத்திரம் பார்ப்பார். பதிலுக்கு அவங்க ஏதாவது கிரகத்துச் சந்தையில, ஒரு மூலையில, இந்தக் கடையோட போர்டைத் தொங்க விடுவாங்க. கேப்டனம்மா கோட்டுக் காலர்ல சலவைத் துண்டுச்சீட்டு குத்தியிருக்கும். இதையெல்லாம் பொறுக்கி எடுக்கிறதுக்குன்னே உலகம் பூரா ஆளுங்க உண்டு.

இனி அந்த ஹர்த்தால் நாள்.

வெளிநாட்டுக்காரனுக்கு ஹர்த்தால் என்னன்னு தெரியுமா? சாயங்காலத்துக்குள்ள படம் வரணும்னு அவன் சொல்லிட்டான். இங்கே பஸ் இல்ல, ஆட்டோ இல்ல, ஒரு டீக்கடைகூடத் திறக்கல. நீங்க அப்போ குடியிருந்த கரமனையிலிருந்து நடந்து வந்தீங்க. நான் சாலையிலிருந்து நடந்து வந்தேன். வாட்ச்மேனைச் சேர்த்தா மூணு பேர், அவ்வளவுதான் ஆபீஸ். வரைய வேண்டியது கனவுக் காட்சிக்கான விண்கப்பலோட உள்பக்கம். "தொடரில் உள்ளபடி"ன்னு ஒரே ஒரு வரி. மாதிரிப் படமெல்லாம் பூட்டின ஃபோல்டர்ல. பாஸ்வேர்டு நம்ம சூப்பர்வைசர் சுரேஷ் சார் கையில. சுரேஷ் சார் ஆற்றிங்கல்ல, போன் சுவிட்ச் ஆஃப். போதாக்குறைக்கு உங்க கம்ப்யூட்டரும் லாகினை எடுக்கல. அதனால என் சீட்ல உட்கார்ந்து, என் லாகின்ல வரைஞ்சீங்க.

"எடி பிள்ளே, இந்தக் கப்பலுக்கு உள்ள என்னவெல்லாம் காணும்?"ன்னு கேட்டீங்க. அந்தத் தொடர்ல ஒரு எபிசோடுகூட நீங்க பார்த்ததில்ல. நானும் பார்த்ததில்ல. "சீட்டு இருக்கும்ணே, நிறைய பட்டன் இருக்கும்"னு பெரிய விஞ்ஞானி மாதிரி சொன்னேன்.

நீங்க வரைய ஆரம்பிச்சீங்க. முன்னால கேப்டனுக்கு டிரைவர் சீட்டு. பின்னால வரிசையா இருக்கை. ஜன்னலுக்கு இழுத்து மூடற ஷட்டர். கூரையோரமா பின்பக்கத்துலேருந்து முன்பக்கம் வரைக்கும் ஒரு கயிறு, அதோட நுனியில கேப்டன் தலைக்கு மேலே ஒரு மணி! தமிழ்நாட்டு பஸ்ஸுன்னா கண்டக்டர் விசில் ஊதுவார். இங்கே கயித்தைத்தான் இழுக்கணும், ஒரு மணின்னா நில்லு, ரெண்டு மணின்னா போ. படம் வரைய வர்றதுக்கு முன்னால நீங்க ரெண்டு வருஷம் தற்காலிகக் கண்டக்டரா அந்தக் கயித்தைப் பிடிச்ச ஆளாச்சே.

"அண்ணே, ராக்கெட்டுக்கு என்னத்துக்கு மணி?"

"பின்னே? எவ்வளவு பெரிய வண்டின்னாலும், ஆளெல்லாம் ஏறித் தீந்தாச்சான்னு பாத்து ஒருத்தன் சொல்லண்டாமா? டிரைவருக்கு முதுகுல கண்ணு உண்டாடி?"

கயிறு இன்னும் கொஞ்சம் தடிமனா இருக்கட்டும்ணேன்னு மட்டும் சொன்னேன். நீங்களும் தடிமனாக்கினீங்க. அந்த மணியில என் பங்குன்னு இருக்கிறது அந்தத் தடிமன் மட்டும்தான். அதைப் பிடிச்சுக்கிட்டு எத்தனை வருஷம் எனக்கு நானே வக்கீலா வாதாடினேன் தெரியுமா?

மறுநாள் சுரேஷ் சார் வந்து பார்த்துட்டுத் தலையில கையை வச்சுக்கிட்டார். "எந்தா தாஸே இது? ஸ்பேஸ்ஷிப்போ, வெஞ்ஞாறமூடு பஸ்ஸோ?" நீங்க பயந்துட்டீங்க, ரீடேக் வரும், எல்லாத்தையும் முதல்லேருந்து வரையணும்னு. வந்தது வேற. அங்கேயிருந்த டைரக்டர் விழுந்து விழுந்து சிரிச்சாராம். கயித்தைத் தொடாதே, அப்படியே இருக்கட்டும், நாங்க "டிங் டிங்"னு சத்தம் சேர்க்கிறோம்னு பதில் வந்தது.

படம் வந்த பிறகு நடந்த கூத்து இன்னும் பெருசு. அந்த மணிக்கு என்ன அர்த்தம்னு இணையத்துல சண்டை. விண்கப்பல் தொடரோட முதல் வருஷத்துல ஏதோ ஒரு பழைய கப்பல்ல மணி இருந்ததாம், அதைச் சுட்டித்தான் இதுன்னு ஒரு கட்சி. இல்ல, வராமப்போன எபிசோடைப் பத்தின குறிப்புன்னு இன்னொரு கட்சி. ஒருத்தர் முக்கால் மணி நேரம் விளக்கி வீடியோ போட்டார். இந்த ஓவியர் அந்தத் தொடரைக் கரைச்சுக் குடிச்சவர்னு முடிச்சார். நான் வரி வரியாச் சொல்லச் சொல்ல, நீங்க சோத்துப் பாத்திரத்தை மூடி வச்சுட்டுச் சிரிச்சீங்க.

சிரிப்பு அடங்கினதும் நீங்க சொன்னதுதான் அண்ணே, உங்களை நான் ஆயுசுக்கும் மதிக்கிறதுக்குக் காரணம். "எடி, நாம அறியாம ஒருத்தரைக் கிண்டல் பண்ணியாச்சு. அது மரியாதை இல்ல. இனி அறிஞ்சு பண்ணணும்."

அன்னையிலிருந்து தினமும் மத்தியானச் சாப்பாட்டு நேரத்துல அந்தத் தொடரைப் பார்க்க உட்கார்ந்தீங்க. முதல் வருஷத்துலேருந்து, ஒண்ணு விடாம. மரச்சீனிக் கிழங்கும் மீன்குழம்பும் ஒரு கையில, நோட்டும் பென்சிலும் இன்னொரு கையில. கேப்டனம்மா நாற்காலிக் கைப்பிடியில ஒரு கீறல் இருக்கு, அது ரெண்டாம் வருஷத்துல ஒரு சண்டையில விழுந்ததுன்னு எனக்குக் காட்டித் தந்தீங்க. அடுத்த கனவுக் காட்சி வந்தப்போ சலவைக்கடைக்காரர் நாற்காலியிலும் அந்தக் கீறல் இருந்தது. யாரும் கேட்கல, யாரும் தனியா சம்பளம் தரல. "கேலின்னா கேக்கிறவனுக்கே இது நான்தான்னு தெரியணும், கேட்டியா. மூக்கு மாறிப்போச்சுன்னா அப்புறம் அது வேற ஆளுல்லா"ன்னீங்க.

அந்தக் காலி நாற்காலி விஷயமும் எனக்கு மறக்காது. தொடர்ல கேப்டனம்மாவோட வண்டியோட்டி செத்துப்போறான், அப்புறம் அவன் சீட்டுல யாருமே உட்கார மாட்டாங்க. நம்ம கார்ட்டூன்ல அந்த சீட்டு மேல அழுக்குத் துணியைக் குவிச்சு வரையச் சொல்லி வந்தது. சிரிக்கத்தான். நீங்க ஒருநாள் பூரா வரையாம உட்கார்ந்திருந்தீங்க. கடைசியில துணிக்குவியலை சீட்டுக்குப் பக்கத்துல தரையில வரைஞ்சீங்க. சீட்டைக் காலியாவே விட்டீங்க. சிரிப்பும் கெடல, செத்தவனுக்கும் குறைவு வரல. மேலிடத்துல யாரும் கவனிக்கல. பார்த்தவங்க கவனிச்சாங்க. "இதை வரைந்தவர் நல்ல மனிதர்"னு யாரோ ஒருத்தர் எழுதியிருந்ததை நான் உங்களுக்கு வாசிச்சுக் காட்டினேன். நீங்க "கொள்ளாம், நல்லாருக்கு"ன்னு சொல்லிட்டு எழுந்து கை கழுவப் போயிட்டீங்க. கண்ணு கலங்கினதை நான் பார்க்கக்கூடாதுன்னுதானே?

அப்புறம் உங்களுக்கு நெஞ்சுல சுகமில்லாம ஆச்சு. வேலையை விட்டுட்டுக் குடும்பத்தோட பாறசாலைக்கே போனீங்க. அடுத்த வருஷமே ஸ்டுடியோவையும் மூடிட்டாங்க. நான் கழக்கூட்டத்துல ஒரு பெரிய கம்பெனிக்கு இன்டர்வியூ போனேன். என் பேர்ல இருந்த பழைய வேலையெல்லாம் பார்த்தாங்க. என் லாகின்ல போனதால நடுவுல அந்தப் படமும் வந்தது. பெரிய சார் நாற்காலியை முன்னால இழுத்துப் போட்டுக்கிட்டார். "ஆ பெல்லு நிங்களாணோ வரச்சது?" அந்த மணியை வரைஞ்சது நானான்னு கேட்டார்.

நான் சிரிச்சேன். ஆமான்னு சொல்லல. இல்லேன்னும் சொல்லல. சிரிச்சேன், அவ்வளவுதான். அந்தச் சிரிப்புக்குத்தான் எனக்கு வேலை கிடைச்சது.

சேர்ந்த பிறகாவது சொல்லியிருக்கலாம். புதுசா யார் வந்தாலும் "இதா, நம்முடெ பெல் சேச்சி"ன்னு அறிமுகம் பண்ணுவாங்க. முதல்ல கூசிச்சு. ஒரு மாசத்துல கூச்சம் போச்சு. ரெண்டு வருஷத்துல நானே அந்தக் கதையைச் சொல்ல ஆரம்பிச்சேன், ஹர்த்தால், நடந்து வந்தது, பூட்டின ஃபோல்டர் எல்லாம். உங்களை மட்டும் எடுத்துட்டு. இன்னைக்கு நான் அங்கே ஆர்ட் பிரிவுக்குத் தலைமை. திறமை இல்லாம வந்தேன்னு சொல்ல மாட்டேன், அதுவும் பொய்யாயிடும். ஆனா கதவைத் திறந்து விட்டது உங்க மணி.

நீங்க எங்களை விட்டுப் போய் ஒரு வருஷமும் சில மாசமும் ஆச்சு. போன மழைக்கு முன்னால அந்த விண்கப்பல் தொடரோட புது வருஷம் வந்தது. அதுல ஒரு காட்சி. தீப்பிடிச்ச ஒரு நிலையத்துலேருந்து ஜனங்களை ஏத்திக்கிட்டுக் கப்பல் கிளம்பணும். எல்லாரும் போங்க போங்கன்னு கத்தறாங்க. கேப்டனம்மா அசையல. பின்பக்கம் வயசான மெக்கானிக் ஒருத்தர், ஓடி வந்த கடைசிப் பொம்பளையையும் அவ பிள்ளையையும் கைகொடுத்து ஏத்தறார், ஒருதடவை திரும்பிப் பார்க்கிறார், கையை மேலே நீட்டறார். அங்கே ஒரு கயிறு. இத்தனை வருஷம் அந்தக் கப்பல்ல இல்லாத கயிறு. ரெண்டு இழுப்பு. டிங் டிங்.

கேப்டனம்மா "போகலாம்"னு சொன்னாங்க. சொல்லிட்டுச் சிரிச்சாங்க அண்ணே. அந்த அம்மா சிரிச்சாங்க!

நான் "தாசண்ணே!"ன்னு கத்திட்டேன். எங்க வீட்டுக்காரர் அடுக்களையிலிருந்து கரண்டியோட ஓடி வந்தார், யாருக்கு என்ன ஆச்சுன்னு. கிண்டலுக்குக் கிண்டல் பதிலா வரும்னு தெரியும். ஆனா இது கிண்டலா? நீங்க ஒண்ணுமே தெரியாம வரைஞ்ச கயித்துக்கு நீங்க சொன்ன அர்த்தத்தையே, உங்களைக் கண்ணால பார்க்காத ஒருத்தர் கண்டுபிடிச்சு எழுதியிருக்கார். அதெப்படிண்ணே?

அதுக்கப்புறம்தான் கடிதம் வந்தது. ரெண்டு தொடரும் ஒண்ணையொண்ணு தொட்டுக்கிட்ட இடங்களையெல்லாம் சேர்த்துப் படப் புத்தகம் போடறாங்களாம். மணிக்கு ரெண்டு பக்கம். பழைய ஃபைலைத் தேடிப் பார்த்ததுல வரைஞ்சவர்னு இருந்தது என் பேர். உறுதி பண்ணி, போட்டோவும் நாலு வரியும் வெள்ளிக்கிழமைக்குள்ள அனுப்பணும். ஆபீஸ்ல கேக் வாங்கிட்டாங்க. நானும் வெட்டினேன். வெட்டின கையோட கழிப்பறைக்குப் போய் அழுதேன்.

ஞாயிற்றுக்கிழமை பாறசாலைக்குப் போனேன். நீங்க போன பிறகும் மாசாமாசம் போயிட்டுத்தான் இருக்கேன், அது உங்களுக்குத் தெரியும். உங்க சம்சாரம் எஸ்தர் மைனி வழக்கம்போலப் பாலில்லாத கட்டன்சாயா போட்டாங்க. உங்க மக ஜெபா காலேஜ் புத்தகத்தை மூடி வச்சுட்டு "அத்தே, எப்போ வந்தீங்க?"ன்னு வந்து உட்கார்ந்தா. சாயா ஆறுறதுக்குள்ள எல்லாத்தையும் சொல்லி முடிச்சுட்டேன். இன்டர்வியூவில சிரிச்சதைக்கூட விடல.

மைனி சாயாத் தம்ளரைக் கீழே வச்சாங்க. "அப்போ நீ மாசாமாசம் இங்க வந்தது இதுக்காண்டியாடி?"ன்னு கேட்டாங்க. இல்ல மைனின்னு சொல்ல வாயெடுத்தேன். எதுக்கு வந்தேன்? உங்க மேல உள்ள பாசமா, உறுத்தலா? ரெண்டையும் பிரிச்சுப் பார்க்க எனக்குத் தெரியல. நீங்க இருந்திருந்தா சொல்லியிருப்பீங்களோ?

ஜெபா அழல, கத்தல. அவளுக்கு அவங்கப்பா ஏதோ கார்ட்டூன் கம்பெனியில சுவரு வரைஞ்ச ஆள், அவ்வளவுதான் தெரியும். தொடர்ல வந்த மணியை அவ சிநேகிதிகளெல்லாம் போன்ல ஸ்டேட்டஸ் வச்சிருந்தாங்களாம். இவளும் வச்சிருக்கா, யார் மணின்னு தெரியாமலே. ஒரே ஒரு கேள்விதான் கேட்டா. "அப்பா உங்ககிட்ட இதைப் பத்தி எப்பவாவது கேட்டாரா?"

"இல்ல"ன்னேன்.

கிளம்பும்போது வாசல் வரைக்கும் வந்து, "பாத்துப் போங்க மேடம்"னா.

திங்கட்கிழமை ஆபீஸ்ல எல்லாரையும் கூப்பிட்டு வச்சுச் சொன்னேன். பெரிய சார் ரொம்ப நேரம் பேனாவை உருட்டிட்டு, "ஆலோசிச்சிட்டு பறயாம்"னார். இன்னும் ஆலோசிக்கிறார். என்ன சொன்னாலும் ஏத்துக்கிறேன். புத்தகக்காரங்களுக்கும் நடந்ததை நடந்தபடி எழுதிட்டேன். நன்றி சொல்லிப் பதில் வந்தது. உங்க பேரை எப்படி எழுதணும், போட்டோ கிடைக்குமான்னு கேட்டாங்க. ஜெபாவுக்குச் செய்தி அனுப்பினேன். வியாழக்கிழமை மத்தியானம் வந்தது. காக்கிச் சட்டையில, தோள்ல பையோட, பஸ் படியில நின்னு நீங்க சிரிக்கிற படம். கீழே இனிஷியலோட உங்க முழுப் பேர். வேற ஒரு வார்த்தை இல்ல. அப்படியே அனுப்பிட்டேன். அந்த ரெண்டு பக்கத்துல நீங்கதான் இருப்பீங்க. என் பேர் எங்கேயும் வராது.

இத்தோட கடிதத்தை முடிச்சிருக்கலாம். உண்மையைச் சொன்னவன்னு நாலு பேர் பாராட்டவும் செய்வாங்க. ஆனா அண்ணே, உண்மையைச் சொல்லப் போன அன்னைக்கே உங்க மககிட்ட நான் ஒரு பொய் சொன்னேன். உங்களுக்கு அது தெரியும்.

நீங்க கேட்டீங்க. எனக்கு வேலை கிடைச்ச அன்னைக்கு சாயங்காலம், போன்ல. "மணி விஷயம் ஏதாவது கேட்டானுவளாடி?" குரல்ல அவ்வளவு ஆசை. உங்க வேலையை யாரோ பார்த்தாங்களான்னு தெரிஞ்சுக்கிற ஆசை, வேற ஒண்ணுமில்ல. நான், "அதெல்லாம் இப்போ யாருக்கு ஞாபகம் இருக்குண்ணே"ன்னேன். நீங்க, "செரி. நீ சாப்பிட்டியா?"ன்னு கேட்டீங்க.

ஞாபகம் இருந்துதுண்ணே. எல்லாருக்கும் ஞாபகம் இருந்தது. அங்கே இருந்த அத்தனை பேரும் நாற்காலியை இழுத்துப் போட்டு உங்க மணியைப் பார்த்தாங்க. பெரிய சார் எழுந்து நின்னார். அதை நீங்க உசிரோட இருக்கையில உங்க காதால கேட்டிருக்கணும். கேட்கவிடாம பண்ணினது நான்.

வர்ற ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் பாறசாலைக்குப் போறேன். இந்தக் கடிதத்தை ஜெபா படிச்சிருந்தாலும் சரி, படிக்காட்டியும் சரி, அவ முகத்தைப் பார்த்து, அப்பா கேட்டார், நான்தான் இல்லேன்னு சொன்னேன்னு சொல்லுவேன். இது உங்களுக்கு நான் தர்ற வாக்கு. கதவைத் திறக்கலேன்னா வெளியே நின்னு சொல்லுவேன்.

உங்க தங்கச்சி
கலா
(ஜெபாவுக்கு அத்தையா, மேடமான்னு இனி அவதான் சொல்லணும்)